பொம்மையில் இருந்து கழற்றிய உடுப்பு

அன்பு மகளுக்கு ஸலாம். நீ கேட்ட கடிதம் இது இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம், நீ பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்வீட்டுக்கு வந்தாய். வேலையை விடப் போகிறேன், நல்ல தமிழில் ஓர் இராஜினாமாக் கடிதம் எழுதித் தாருங்கள் என்று கேட்டாய். திங்கட்கிழமையோடு பிரசவ லீவு முடிகிறது, அன்று காலையிலேயே கொடுத்துவிட வேண்டும் என்றாய். நான் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. கல்முனையில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுத்த கை இது, கேட்டால் எழுதிவிடும். கையைக் கழுவிவிட்டுக் கடதாசி எடுத்தேன். "எனது குடும்பச் சூழ்நிலை காரணமாகத் தொடர்ந்தும் சேவையாற்ற இயலாத நிலையில்" என்று இரண்டு வரி தானாகவே வந்து விழுந்தது. மூன்றாவது வரியைத் தொடங்கப் போகும்போதுதான் நீ அதைச் சொன்னாய். "உம்மாவும் எனக்காக வேலைய விட்டவதானே வாப்பா. நான் என்ட புள்ளைக்காக விட்டா என்ன?" என்றாய். அதோடு என் பேனா நின்றுவிட்டது. நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லி உன்னை அனுப்பினேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் இருந்து நீ இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாய். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று நான் சொன்னது பொய் இல்லை.

முன்வீட்டுக்கும் பின்வீட்டுக்கும் இடையில் இருபது எட்டுத் தூரம்கூட இருக்காது. உன் கலியாணத்தோடு ஊர் வழக்கப்படி வீட்டை உன் பெயருக்கு எழுதிவிட்டு, நானும் உம்மாவும் பின்வளவில் இரண்டு அறை போட்டுக்கொண்டு ஒதுங்கிவிட்டோம். இருபது எட்டு நடந்து வந்து வாயால் சொல்லக்கூடியதை இந்த மனிசன் ஏன் பக்கம் பக்கமாக எழுதுகிறார் என்று நினைப்பாய். வாய் வரவில்லை, அதுதான் காரணம். இதில் உன் உடம்பைப் பற்றி வருகிறது, பிள்ளைக்குப் பால் கொடுப்பதைப் பற்றி வருகிறது. வாப்பாமார் பெண்பிள்ளைகளோடு கதைக்கிற கதை இல்லை அது. நீ பெரியவளான நாளில் இருந்து அந்தப் பக்கத்தை முழுக்க உம்மாவிடம் விட்டுவிட்டு நான் கடையில் துணி அளந்துகொண்டிருந்தேன். அப்படி விட்டது மரியாதை என்று நினைத்திருந்தேன். பாதி மரியாதை, பாதி சோம்பல் என்று இப்போது தெரிகிறது. கூச்சத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு எழுதுகிறேன், நீயும் அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு வாசி.

புதன்கிழமை நீ கடைக்கு வந்ததில் இருந்து தொடங்க வேண்டும். உன் பழைய அபாயா ஒன்றும் உனக்கு ஏறவில்லை. கை ஏறினால் நெஞ்சு பிடிக்கிறது, நெஞ்சு ஏறினால் இடுப்பில் மடிந்து நிற்கிறது என்று உம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். அடுத்த நாள் நீ பிரதேச செயலகத்துக்குப் போய்ப் பத்திரங்களைக் கொடுத்து, திங்கட்கிழமை கடமைக்கு வருகிறேன் என்று ஒப்பம் வைக்க வேண்டும். அங்கே உன்னுடையது பொதுமக்கள் வந்து நிற்கிற முன் மேசை. போதாததற்குப் புது மேலதிகாரி ஒருவரும் வந்திருக்கிறார். கடைக்குள் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் நீ கேட்டாய். "வாப்பா, கடும் நிறத்தில, சின்னப் பூப் போட்டு, முன்னால திறக்கிற மாதிரி ஒண்டு இருந்தாத் தாங்க." நான் சிரித்தேன் மகள். இரண்டு வாடிக்கைக்காரர்கள் நிற்கும்போது சத்தமாகச் சிரித்தேன். முன்னால் திறக்கிறதெல்லாம் குசினியில் உடுக்கிற சட்டை, நீ ஓர் உத்தியோகத்தர், ஆள் பாதி ஆடை பாதி என்று உபதேசம் வேறு செய்தேன். கொழும்பில் இருந்து புதிதாக வந்திருந்த சந்தன வெள்ளைக் கிரேப் துணி அபாயா, முதுகில் சிப் வைத்தது, ஷோகேஸ் பொம்மையில் நின்றது. உன் அளவில் அது ஒன்றுதான் மிச்சம். எல்லோரும் பார்க்கப் பொம்மையில் இருந்து கழற்றி உன் கையில் தந்தேன். நீ அதை வாங்கி, முன்பக்கத்தில் மேலும் கீழும் விரலால் தடவினாய். துணியின் தரத்தைப் பார்க்கிறாய் என்று நினைத்தேன். திறக்கிற இடம் இருக்கிறதா என்று நீ தேடியிருக்கிறாய். பிறகு "ஓம் வாப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய்.

முழு உண்மையையும் எழுதிவிடுகிறேன். அந்த உடுப்பை உனக்குத் தந்ததில் வாப்பாவின் பெருமை பாதி, கடைக்காரனின் கணக்கு பாதி. உன் அலுவலகத்தில் அத்தனை பெண்கள் வேலை செய்கிறார்கள். ஹஜ்ஜுப் பெருநாளும் வருகிறது. எங்கே எடுத்தாய் என்று நாலு பேர் கேட்பார்கள் என்ற நினைப்பு என் தலைக்குள் இருந்தது. பொம்மையில் நின்றதை உன்னில் நிற்க வைத்தேன், அவ்வளவுதான். வியாழக்கிழமை நடந்தது எனக்கு அன்றே தெரியாது, உம்மா சொல்லித்தான் தெரியும். ஒன்பது மணிக்குப் போன உன்னை, அதிகாரி கூட்டத்தில் இருக்கிறார் என்று காக்க வைத்திருக்கிறார்கள். பிள்ளைக்குப் பால் கொடுக்கிற நேரம் தாண்டிவிட்டது. வரிசையில் நின்ற யாரோ ஒருத்தியின் கைக்குழந்தை வீரிட்டு அழுதிருக்கிறது. ஊரார் பிள்ளை அழுதாலும் தாய்க்குச் சுரக்கும் என்பது இந்த அறுபது வயதில்தான் எனக்குத் தெரிய வந்தது. சந்தன வெள்ளையில் அது எப்படித் தெரிந்திருக்கும் என்று துணிக்காரனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. முதுகில் சிப் வைத்ததைப் போட்டுக்கொண்டு கழிவறைக்குள் போயும் ஒன்றும் செய்ய முடியவில்லை. உன் பத்திரங்கள் இருந்த கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருக்கிறாய். கடைசியில் உள்ளே கூப்பிட்டு, அந்தக் கோப்பைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

நீ அதைக் கொடுத்துவிட்டு நின்ற அந்த நேரத்தை நான் இந்த மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த அதிகாரி பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாராம். கூட வேலை செய்கிற பிள்ளை ஒருத்தி ஓடி வந்து தன் சால்வையைப் போட்டுவிட்டாளாம். அவள் நல்லா இருக்க வேண்டும். நீ வீட்டுக்கு வந்து அந்த அபாயாவைக் கழுவி உட்பக்கத்தை வெளியே திருப்பிக் கொடியில் போட்டிருந்தாய். மத்தியானம் சாப்பிட வந்த நான் அதைப் பார்த்தேன். புதுத் துணியை முதல் நாளே யாராவது கழுவுவார்களா, கிரேப் சுருங்கிவிடுமே என்று நினைத்துக்கொண்டு போனேன். வேறு ஒன்றும் நினைக்கவில்லை. வீட்டில் ஒருத்தி நொந்து கிடக்கிறாள், எனக்குத் துணி சுருங்கும் கவலை.

வெள்ளிக்கிழமை நீ கடிதம் கேட்டுவிட்டுப் போன பிறகு, குசினியில் நின்ற உம்மா அஸர் தொழுதுவிட்டு வந்து என் முன்னால் குந்தினாள். கையில் வேலை ஒன்றும் இல்லாமல் அவள் குந்தினால் எனக்குப் பயம். "இஞ்ச பாருங்க, நான் ஒண்டு சொல்றன். புள்ளைக்காக எண்டு நான் வேலைய விடல்ல. அது நீங்க ஊருக்கெல்லாம் சொன்ன கதை. அதக் கேட்டுக் கேட்டு வளந்த புள்ளதான் இண்டைக்கு உங்களிட்டக் கடிதம் கேட்டுட்டுப் போறா" என்றாள். உன் வியாழக்கிழமைக் கதையை முதலில் சொன்னாள். அதற்குப் பிறகு தன்னுடையதைச் சொன்னாள்.

உனக்குத் தெரியும், உம்மா மாவடிப்பள்ளியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள். நீ பிறந்து லீவு முடிந்து அவள் திரும்பிப் போக இருந்த நேரம் நான் கடை தொடங்கிக் கொஞ்சக் காலம்தான். அப்போது டீச்சர்மார் சாரிதான் உடுப்பார்கள், முந்தானையால் முக்காடு போடுவார்கள். கடும் நீலத்தில் பூப்போட்ட வொயில் சாரி ஒன்று தாருங்கள் என்று உம்மா என்னிடம் கேட்டாள். நான் கொடுத்தது வெளிறிய ரோசா நிறத்தில் ஜோர்ஜட். அப்போதுதான் வந்திருந்த சரக்கு, ஊரில் ஒருவரிடமும் இல்லை. புடவைக்கடைக்காரன் பெண்சாதி கிழவிகள் உடுக்கிற வொயிலோடு பஸ் ஏறினால் என் கடைக்கு யார் வருவார்கள் என்று சிரித்தேன். அந்தச் சிரிப்புத்தான் புதன்கிழமை உன் முன்னாலும் வந்தது. ஒரே ஆளின் சிரிப்பு, வயதுதான் கூடியிருக்கிறது.

அன்று அவளுக்கு நடந்ததும் அதேதான். நாலாவது பாடம் நடக்கும்போது ஜோர்ஜட் நனைந்து நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. வரவு எடுக்கிற இடாப்புப் புத்தகத்தை அணைத்துக்கொண்டு பள்ளி விடும்வரை வகுப்பில் நின்றிருக்கிறாள். பிள்ளைகள் சிரிக்கவில்லையாம், அதுதான் தனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது என்றாள். இடாப்பை வீட்டுக்குக் கொண்டுவர முடியாதே, அதனால் வரும்போது கைப்பையால் மறைத்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறாள். அது சண்டைக் காலம். வழியில் சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கி நடந்து போய் ஏற வேண்டும். பையை மேசையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கச் சொன்னார்கள். உன் உம்மா வயல் வெயிலில், அத்தனை பேருக்கு முன்னால், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள். நான் கொடுத்த சாரியோடு நின்றாள். அந்த நேரம் நான் கடையில், ரோசா ஜோர்ஜட்டை யார் யார் கேட்டு வரப்போகிறார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் அவள் பள்ளிக்குப் போகவில்லை. நான் மத்தியானம் வீட்டுக்கு வந்தால், அந்தப் புதுச் சாரியால் கூரை வளையில் தொட்டிலாக ஏணை கட்டி அதில் உன்னைப் போட்டு ஆட்டிக்கொண்டிருக்கிறாள். எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியாது. ஏணை கட்டப் பழைய சாரி கிடைக்கவில்லையா, கடையில் ஆள் ஆளாகக் கேட்கிற சரக்கைக் கொண்டுபோய் மூத்திரச் சீலையாக்கிவிட்டாயே என்று கத்தினேன். அவள் ஏணையை ஆட்டுவதை நிறுத்தவில்லை. இனி வேலைக்குப் போகப் போவதில்லை, கடிதம் எழுதித் தாருங்கள் என்றாள். எழுதினேன். "எனது குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்று அன்றும் தொடங்கினேன். அவள் ஒப்பம் வைத்தாள். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான், அதையும் மறைக்கவில்லை. பள்ளிவாசலில் நாலு பேர் மெச்சினார்கள், உத்தியோகத்தைவிடப் பிள்ளை பெரிது என்று நினைத்த குடும்பம் என்றார்கள். நானும் அந்த மெச்சலை வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன். நீ நடக்கத் தொடங்கியதில் இருந்து கலியாணம் வரைக்கும், உம்மா உனக்காக வேலையை விட்டவள் என்று எத்தனை தரம் உனக்குச் சொல்லியிருப்பேன். பரீட்சைக்குப் படி என்பதற்கும் சொன்னேன், எதிர்த்துக் கதைக்காதே என்பதற்கும் சொன்னேன். அந்தக் கடனை உன் தலையில் வைத்தது உம்மா இல்லை, நான்.

வெள்ளிக்கிழமை இதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை, கோபம். இத்தனை வருடமாக ஏன் சொல்லவில்லை என்று அவள்மேல் பாய்ந்தேன். "நீங்க கேக்கல்லையே" என்றாள். ஒரு சாரியில் கறை பட்டதற்கா அரசாங்க உத்தியோகத்தை விட்டாய் என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல் கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. "கறைக்கு ஆர் வேலைய விடுவாங்க? கறை கழுவினாப் போகும். வொயில் சாரிய நான் சும்மா கேக்கல்ல, என்ட உடம்பு எனக்குத் தெரிஞ்சு கேட்டன். நீங்க சிரிச்சீங்க. திரும்பக் கேட்டாலும் சிரிப்பீங்க எண்டு நினைச்சன். ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி உங்களிட்டக் கேட்டு நிக்க ஏலாம விட்டன்." சொல்லிவிட்டு எழும்பிப் போய்க் கறிக்கு உப்புப் பார்த்தாள். நான் குந்தின இடத்திலேயே இருந்தேன். ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தவன், என் வீட்டில் கிடந்த மனுவை வாசிக்கவே இல்லை.

சனிக்கிழமை காலையில் உம்மாவைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பிள்ளைக்கு எண்ணெய் வாங்கப் போகிறோம் என்று உன்னிடம் சொன்னது அதற்காகத்தான். இன்னொன்று அங்கே வைத்துத்தான் என் மண்டையில் ஏறியது. கடை தொடங்கிய நாளில் இருந்து அவளுக்கு வேண்டிய துணியை நானே எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன். என் கடையில் தனக்கென்று ஒரு துணியை அவள் கைநீட்டி எடுத்ததே இல்லை. நீ எடு என்றேன். அவள் உடனே எடுக்கவில்லை, ஒரு செம்பு தண்ணீர் கேட்டாள். ஒவ்வொரு துணியின் ஓரத்திலும் விரலால் தண்ணீர் தெளித்து, எட்டி நின்று பார்த்தாள். சாயம் போகுமா என்று பார்க்க நான் எத்தனையோ துணியை நனைத்திருக்கிறேன், நனைந்தது தெரியுமா என்று பார்க்க ஒன்றைக்கூட நனைத்ததில்லை. பிறகு நானும் சேர்ந்துகொண்டேன். சந்தன வெள்ளையில் தண்ணீர் வட்டமாக நின்றது. சாம்பல் நிறம் அதைவிட மோசம், அதை எந்தக் கொம்பன் கொண்டுவந்து நீட்டினாலும் வாங்காதே. கடும் நிறத்தில் வெறும் துணியாக இருந்தால் கொஞ்சம் தெரிகிறது, சின்னப் பூ இருந்தால் கண்ணுக்குப் படவே இல்லை. நீ புதன்கிழமை கேட்டதும் அதுதானே. உங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது, முதலாளிக்குத்தான் தெரியவில்லை. மத்தியானமாகும்போது கடை முழுக்க ஈரத் துணி. பெருநாள் நேரத்தில் வந்த சனம் கூரை ஒழுகுதா என்று கேட்டது.

உம்மா கடைசியில் நாவல்பழ நிறத்தில் ஒன்றும் கடும் பச்சையில் ஒன்றும் எடுத்தாள், இரண்டிலும் பொடிப் பூ. அதை எப்படித் தைக்க வேண்டும் என்று நம் கடைக்குத் தைத்துத் தருகிற தையல் மாமியிடம் அவளே சொன்னாள். முன்னால் கழுத்தில் இருந்து இடுப்புவரை சிப், அதற்கு மேலே ஒரு மூடுபட்டி, வெளியில் பார்த்தால் தையல் கோடு மாதிரி இருக்கும். நெஞ்சுக்கு உள்ளே இன்னொரு மடிப்புத் துணி. பக்கத்தில் ஆழமான பை ஒன்று, மாற்றுவதற்குத் துணி வைக்க. கையை அகலமாக விடச் சொன்னாள். பொத்துவிலில் இருந்து வந்து நின்ற பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணொருத்தி, தனக்கும் அப்படி ஒன்று தைக்கலாமா என்று கேட்டாள். அவவிடம் கேளுங்கள் என்று உம்மாவைக் காட்டினேன். உன் இரண்டும் இன்று காலை தைத்து வந்துவிட்டன. முன்வீட்டு அலுமாரிக் கைபிடியில் தொங்கவிடச் சொல்லியிருக்கிறேன். உடுத்தினாலும் சரி, தொங்கினாலும் சரி, அவை உன்னுடையவை.

இன்னொன்றும் செய்திருக்கிறேன். உன் அலுவலகத்துக்கும் நம் கடைக்கும் இடையில் நாலு கடைதான் இருக்கிறது, இத்தனை நாளும் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. கடைக்கு மேலே சரக்கு வைக்கிற அறையை ஒதுக்கிவிட்டேன். மிச்சப் பொம்மைகள் அங்கேதான் கிடந்தன, அவற்றைப் படிக்கட்டுக்குக் கீழே போட்டாயிற்று. ஒரு கதிரை, காற்றாடி, கை கழுவ இடம், உள்ளே இருந்து போடுகிற கொண்டி எல்லாம் இருக்கிறது. மத்தியானம் இடைவேளைக்கு உம்மா பிள்ளையோடு ஆட்டோவில் வந்து அங்கே இருப்பாள். நீ வந்து பால் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். நான் கீழே இருப்பேன், மேலே வரமாட்டேன், மேலே என்ன நடக்கிறது என்று ஒருவரும் கேட்கவும் மாட்டார்கள். மருமகனிடமும் கதைத்தேன். இறக்காமத்தில் யானை வந்து வயலை அழித்துவிட்டது என்று, அங்கே போய்ப் பார்த்துவிட்டுக் களைத்து வந்திருந்தார். அவர் உன்னிடம் சொன்னதையே என்னிடமும் சொன்னார், அது அவவின் முடிவு மாமா என்று. நல்ல சொல்தான். ஆனால் சில நேரம் அது கை கழுவுகிற சொல்லாகவும் ஆகிவிடும், விடிய எழும்பிப் பிள்ளையைத் தூக்குவதும் அந்த முடிவுக்குள் வருமா என்று கேட்டேன். சிரித்துவிட்டு வரும் என்றார். அந்தச் சொல்லை விடாமல் பிடித்துக்கொள்.

நான் உன்னைப் போ என்று சொல்லவில்லை மகள். இரண்டு தரம் உடுப்பையும் கொடுத்து வழியையும் நானே சொல்லிக் கெடுத்தது போதும். பிள்ளையோடு வீட்டில் இருக்க வேண்டும் என்று உன் மனம் உண்மையிலேயே கேட்டால் இரு. அது குறைந்த வேலை இல்லை. ஒருவருக்கும் நீ பதில் சொல்லவும் தேவையில்லை. ஆனால் உம்மா உனக்காக விட்டாள் என்பதற்காக விடாதே, அது நடக்கவே இல்லை. அந்த மேசைக்கு முன்னால் கோப்பைக் கொடுத்துவிட்டு நின்ற வெட்கத்துக்காகவும் விடாதே, அந்த வெட்கம் உன்னுடையது இல்லை. அது எனக்குச் சேர வேண்டியது, என்னிடம் தந்துவிடு. எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் உன் கையால் எழுது. குடும்பச் சூழ்நிலை என்ற அந்த இரண்டு சொல்லையும் மட்டும் போடாதே. அதற்குப் பின்னால் நான் இத்தனை காலமும் ஒளிந்திருந்தேன். நான் கேட்ட உடுப்பை என் தகப்பன் தரவில்லை என்று எழுது, ஒப்பம் வைக்க நானும் வருகிறேன்.

முடிக்கும் முன்னால் உம்மாவைப் பற்றி ஒன்று. நேற்றுக் கடையில் உனக்குத் துணி வெட்டி முடிந்ததும், அந்த நாவல்பழ நிறத்தில் உனக்கும் ஒன்று வெட்டட்டா என்று அவளிடம் கேட்டேன். துணியின் ஓரத்தை விரலால் நீவிவிட்டாள். "எனக்கு என்னத்துக்கு? நான் எங்க போறன்?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, நேரம் என்ன என்று கேட்டால் சொல்வதைப் போலச் சொன்னாள். நான் அந்தத் துணியைச் சுருட்டித் தட்டில் வைத்தேன். இரவு முழுக்க அந்தக் கேள்வி என்னோடு கிடந்தது.

இன்று காலை நான் உன் கடிதத்தைத்தான் முன்னால் வைத்துக்கொண்டு இருந்தேன், அந்த இரண்டு வரியோடு. உம்மா வந்து கதவடியில் நின்றாள். "அந்தத் துணியில எனக்கும் ஒண்டு வெட்டுங்க. ஒவ்வொரு நாளும் மத்தியானம் கடைக்கு வரணும்தானே" என்றாள். சிரிப்பு வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். எப்படித் தைக்க வேண்டும் என்று கேட்டேன். கழுத்து இவ்வளவு, கை இவ்வளவு, இறக்கம் இவ்வளவு என்று அவள் நின்ற நிலையில் சொல்லிக்கொண்டே போனாள். நிறுத்திவிடுவாளோ என்ற பயத்தில் கைக்கு அகப்பட்ட கடதாசியில் நானும் எழுதிக்கொண்டே போனேன். எழுதி முடித்துத் திருப்பிப் பார்த்தால் அது உன் இராஜினாமாக் கடிதம், அதன் பின்பக்கம் முழுக்க உம்மாவின் அளவு. ஆகவே நீ கேட்ட கடிதம் இப்போது என்னிடம் இல்லை. அது தையல் மாமியிடம் போய்விட்டது.

வாப்பா